விரலில் மாட்டுவதா, கையில் பிடிப்பதா, மேசையில் வைப்பதா: கிராமத்துச் சுகாதார நிலையத்துக்கு ஏற்ற ஆக்ஸிமீட்டர் எது?

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டர் வாங்கப் போகிறோம் என்றாலே முதலில் எழுவது விலைப் பேச்சுதான். விரலில் மாட்டும் கிளிப் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஒயரும் புரோபும் (உடம்பில் மாட்டும் உணரி முனை) தனியாக வரும் கையடக்கக் கருவிக்கு அதைப்போலப் பல மடங்கு. மேசை மானிட்டர் அதற்கும் மேலே. மூன்றையும் நம் விரலில் மாட்டிப் பார்த்தால் மூன்றிலும் 98 தான் வரும். பிறகெதற்குக் கூடுதல் பணம் என்று கேட்பவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் நல்ல உடம்புக்காரர் விரலில் 98 காட்டுவதற்காக யாரும் கருவி வாங்குவதில்லை. நிமோனியா வந்த குழந்தைக்கு ஆக்சிஜன் கொடுப்பதா, 108-ஐக் கூப்பிடுவதா என்று முடிவெடுக்கும் இடத்தில் அது சரியாகச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கு வைத்திருக்கும் கோடு 90 சதவீதம். அதற்குக் கீழே போனால் ஆக்சிஜன். ஆகவே 85-க்கும் 95-க்கும் நடுவில் கருவி எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் கேள்வி. மலிவுக் கருவிகள் தடுமாறுவதும் 90-க்குக் கீழே இறங்கும்போதுதான். கடையில் நின்று சோதித்தால் இது தெரியவே தெரியாது.

இங்கே மனதில் வைத்திருப்பது இப்படி ஒரு இடம்: ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், அதன் கீழ் ஐந்தாறு துணை சுகாதார நிலையங்கள், ஒரு பிரசவ அறை. கரண்ட் போய்ப் போய் வரும். கருவி பழுதானால் ஆள் வரச் சில வாரங்கள் ஆகும்.

தரநிலை என்ன கேட்கிறது

1974-இல் ஜப்பானின் நிஹான் கோடன் நிறுவனத்தில் டகுவோ அயோயாகி கண்டுபிடித்த அதே வழியில்தான் இன்றைய கருவிகளும் இயங்குகின்றன. 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி இரண்டையும் விரல் வழியாகச் செலுத்தி, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒளி எவ்வளவு கூடிக் குறைகிறது என்று பார்த்து, இரண்டுக்கும் உள்ள விகிதத்தைக் கருவி எடுக்கிறது. அந்த விகிதத்தை உள்ளே பதிந்திருக்கும் ஓர் அட்டவணையில் தேடி எண்ணாகக் காட்டுகிறது. விகிதம் 1 என்றால் ஏறக்குறைய 85 சதவீதம்.

அந்த அட்டவணை ஏட்டுக் கணக்கில் வந்ததல்ல. ஆரோக்கியமான தன்னார்வலர்களை ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கவைத்து, தமனியிலிருந்து ரத்தம் எடுத்து, கோ-ஆக்ஸிமீட்டரில் (ரத்தத்தையே நேராக அளக்கும் ஆய்வகக் கருவி) அளந்து, ஒப்பிட்டுத் தயாரித்தது. யாரையும் 70 சதவீதத்துக்குக் கீழே இறக்க முடியாது. ஆகவே 70-க்குக் கீழே திரையில் வருவதெல்லாம் ஊகக் கணக்கு. இன்னொன்று, இந்தக் கருவியில் திருகிச் சரிசெய்ய எதுவும் கிடையாது. அட்டவணை தப்பென்றால் கருவி ஆயுசுக்கும் தப்பாகத்தான் காட்டும். எடைத் தராசைப் போல வருஷத்துக்கு ஒருமுறை முத்திரை குத்தி வாங்குகிற விஷயமல்ல இது.

இதற்கான உலகத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 80601-2-61. முதல் பதிப்பு 2011, அடுத்தது 2017. அது கேட்கும் துல்லியம்: 70 முதல் 100 வரையிலான வீச்சில் பிழையின் வர்க்கமூலச் சராசரி (பிழைகளை வர்க்கமாக்கிச் சராசரி எடுத்து, அதற்கு வர்க்கமூலம் கண்ட எண்) 4-க்குள். மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. 2013 வழிகாட்டியில் இன்னும் கொஞ்சம் இறுக்கியது: விரலின் ஊடே ஒளி போகும் வகைக்கு 3, நெற்றியில் ஒட்டும் பிரதிபலிப்பு வகைக்கு 3.5.

பெட்டியில் "துல்லியம் ±2" என்று அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டு, எந்த ரீடிங்கும் இரண்டுக்கு மேல் தப்பாது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. ஏறக்குறைய மூன்றில் இரண்டு ரீடிங் அந்த எல்லைக்குள் இருக்கும். மீதி வெளியே போகும், இரண்டு மடங்கு வரை போவதும் சகஜம். பிழை 3 உள்ள, சான்று பெற்ற நல்ல கருவி 90 காட்டினால் உண்மை 84 முதல் 96 வரை எங்கும் இருக்கலாம். நல்ல கருவியின் நிலையே இது. சான்றே இல்லாத கருவியை இதற்கு மேல் என்ன சொல்ல.

2016-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ ஆய்வகத்தில், எஃப்.டி.ஏ. அனுமதி பெறாத ஆறு மலிவு விரல் கருவிகளை இந்த முறையில் சோதித்தார்கள். சில, விலை உயர்ந்தவற்றுக்கு ஈடாகவே நின்றன. மற்றவை ஆக்சிஜன் இறங்க இறங்கக் கண்டபடி காட்டின. ஆகவே மலிவு எல்லாம் மட்டம் என்று தள்ளிவிடவும் முடியாது. எது தேறியது, எது தேறவில்லை என்பது பெட்டியைப் பார்த்தால் தெரியாது. காகிதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

எந்தக் காகிதம் எதைச் சொல்கிறது

விற்பனையாளர் முதலில் நீட்டுவது பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. 13485 சான்றிதழ். அது கம்பெனியின் தர நிர்வாக முறைக்குக் கொடுத்தது. உங்கள் கையில் இருக்கும் கருவி சரியாக அளக்கிறதா என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இருக்காது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 80601-2-61 சோதனை அறிக்கையைக் கேளுங்கள்.

அடுத்தது சி.இ. முத்திரை. ஐரோப்பிய விதிப்படி ஆக்ஸிமீட்டரை ஒரு வெளி அமைப்பு மதிப்பிட வேண்டும், மதிப்பிட்டிருந்தால் சி.இ. எழுத்துகளுக்குப் பக்கத்தில் அந்த அமைப்பின் நான்கு இலக்க எண் இருக்கும். எண் இல்லாமல் வெறும் சி.இ. என்று இருந்தால் அந்த மதிப்பீடு நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். "எஃப்.டி.ஏ.-வில் பதிவு செய்தது" என்பதும் இதே ரகம். பதிவு என்பது பணம் கட்டிப் பெயர் கொடுப்பது. அனுமதி பெற்ற கருவிக்குக் கே என்ற எழுத்தில் தொடங்கி ஆறு இலக்கம் கொண்ட எண் உண்டு. அதை எஃப்.டி.ஏ. தளத்தில் அடித்துப் பார்த்தால் கருவியின் பெயரும் மாடலும் வர வேண்டும். விளையாட்டு வீரர்களுக்கு, விமானிகளுக்கு என்று போட்டு விற்பவை இந்த வழிக்கே வருவதில்லை.

நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள் பொருந்தும். உள்நாட்டுத் தயாரிப்பென்றால் வகைக்கு ஏற்ப எம்.டி.-5 அல்லது எம்.டி.-9 உரிமம், இறக்குமதி என்றால் எம்.டி.-15. உரிம எண் லேபிளிலேயே இருக்க வேண்டும். பில்லில் இருக்கிறது, பெட்டியில் இல்லை என்றால் வாங்காதீர்கள்.

சோதனை அறிக்கை கைக்கு வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள்: எத்தனை பேரிடம் சோதித்தார்கள், 70–80, 80–90, 90–100 என்று பிரித்துப் பிழை கொடுத்திருக்கிறார்களா, அவர்களில் கருந்தோல் உள்ளவர்கள் எத்தனை பேர். கடைசிக் கேள்வி நமக்கு ரொம்ப முக்கியம். கருமை நிறமி சிவப்பு ஒளியை உறிஞ்சும். வெள்ளைத்தோல்காரர்களை வைத்து உருவான அட்டவணை கருந்தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் பக்கம் சாயும். 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மை 88-க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளின் ரீடிங்குகளில் 11.7 சதவீதம், வெள்ளையர்களுடையதில் 3.6 சதவீதம். எஃப்.டி.ஏ.-வின் 2013 வழிகாட்டி கேட்டதோ இரண்டு கருந்தோல்காரர்கள், அல்லது 15 சதவீதம் மட்டும். 2025 ஜனவரியில் வந்த வரைவு, சோதிக்க வேண்டியவர்களின் மொத்த எண்ணிக்கையை 150-க்கு உயர்த்தி, மாங்க் தோல்நிற அளவுகோலால் எல்லா நிறத்தாரையும் சேர்க்கச் சொல்கிறது. பழைய விதியில் தேறிய கருவிகள்தான் இன்று சந்தையில் அதிகம். ஆகவே கறுத்த குழந்தைக்கு 93 காட்டி, அது வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால் 93-ஐ நம்பி வீட்டுக்கு அனுப்பாதீர்கள். முழுதாக ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள்: 2 மாதத்துக்குள் 60, 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயதுக்குள் 40. அந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ வந்தால் வேக மூச்சு.

விரல் கிளிப்

ஒயர் இல்லை, பையில் போட்டுக்கொண்டு போகலாம், இரண்டு ட்ரிபிள்-ஏ செல் போதும். கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகப் போகையில் பெரியவர்களுக்கு ஒருமுறை பார்த்துச் சொல்ல இதுவே போதும்.

அதற்கு மேல் வேலை வாங்கினால்தான் சிக்கல். கைக்குழந்தையின் விரல் அந்தக் கிளிப்பில் நிற்காது. ஒளி விரலுக்குள் போகாமல் பக்கவாட்டில் சுற்றிப் போய்விடும். வருகிற எண்ணுக்கு அர்த்தம் இல்லை, ஆனால் எண் வந்துகொண்டேயிருக்கும். இந்த வகையில் பலவற்றில் அலாரம் கிடையாது. சின்ன ஓஎல்இடி திரை வெயிலில் தெரியாது. கீல் அல்லது ஸ்பிரிங் போனால் முழுக் கருவியும் போயிற்று, மாற்றுப் பாகம் வராது. வீட்டுச் சூழலுக்கான தரநிலை ஐ.இ.சி. 60601-1-11 பயன்பாட்டுக்குக் கேட்கும் வெப்பநிலை 5 முதல் 40 டிகிரி செல்சியஸ். சித்திரை வெயிலில் ஸ்கூட்டியின் சீட்டுக்கு அடியில் கிடந்த கருவியை எடுத்து உடனே மாட்டினால் அந்த எல்லையைத் தாண்டித்தான் வேலை வாங்குகிறோம்.

செல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ரீசார்ஜ் செல்லின் மின்னழுத்தம் 1.2 வோல்ட், அல்கலைனுக்கு 1.5. சில கிளிப்புகள் முழுச் சார்ஜ் உள்ள ரீசார்ஜ் செல்லைப் போட்டாலும் "செல் தீர்ந்தது" என்று அடையாளம் காட்டும். வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் உள்ளேயே விட்டால் செல் ஒழுகி முனையைத் தின்றுவிடும். செத்துப்போன கிளிப் என்று தூக்கிப் போடுவதற்கு முன் அந்த முனைகளில் பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். சுரண்டிவிட்டாலே சிலது உயிர் பெறும்.

மேசை மானிட்டர்

இ.சி.ஜி., ரத்த அழுத்தம், ஆக்சிஜன் மூன்றும் ஒரே திரையில். நன்கொடையாளருக்குக் காட்ட அழகாக இருக்கும். முப்பது படுக்கை உள்ள மேம்படுத்தப்பட்ட நிலையத்திலும் அறுவை அரங்கிலும் இதற்கு வேலை உண்டு. மற்ற இடங்களில் இரண்டு வருஷத்தில் உள் பேட்டரி சார்ஜ் நிற்காமல் போய், கரண்ட் போனதும் அணைந்துவிடும் பெட்டியாக மாறுகிறது. மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் முதலில் எரிவது அடாப்டர். பராமரிப்பு ஒப்பந்தமும் ஸ்டெபிலைசரும் இல்லாமல் இதை வாங்காதீர்கள்.

கையடக்கக் கருவி

கையளவுள்ள பெட்டி, ஒயர், முனையில் புரோப். நம் ஓட்டு இதற்குத்தான். காரணம் பெட்டியில் இல்லை, புரோபில் இருக்கிறது: ஒரே கருவியில் பெரியவர்களுக்குக் கிளிப், சிறுவர்களுக்குச் சின்னக் கிளிப், பிறந்த குழந்தையின் பாதத்தில் சுற்றும் ஒய் வடிவப் புரோப் என்று மாற்றி மாற்றிப் போடலாம். ஆபரேஷன் தியேட்டரில் ஆக்ஸிமீட்டர் இல்லாத ஏழை நாடுகளுக்காக 2011-இல் தொடங்கிய லைஃப்பாக்ஸ் அமைப்பும் இந்த வகையைத்தான் எடுத்துக்கொண்டது; 250 டாலருக்குப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தது.

பிரசவ அறையில் வேறு எதுவும் இதற்கு ஈடாகாது. பிறந்த குழந்தைக்கு வலது கையில் மாட்டிப் பார்க்கையில் முதல் நிமிஷம் 60–65, ஐந்தாம் நிமிஷம் 80–85, பத்தாம் நிமிஷம் 85–95 என்பது எதிர்பார்ப்பு. ஒருநாள் கழித்து இதயக் கோளாறு இருக்கிறதா என்று வலது கையிலும் ஒரு பாதத்திலும் பார்ப்பார்கள்: இரண்டிலும் 95 அல்லது அதற்கு மேல், இரண்டுக்கும் வித்தியாசம் 3-க்குள் என்றால் தேறியது, எதிலாவது 90-க்குக் கீழே வந்தால் உடனே மேல்சிகிச்சைக்கு. விரல் கிளிப்பால் இதைச் செய்யவே முடியாது.

இனி இதன் பலவீனம். அதுவும் புரோப்தான். பெட்டி பத்து வருஷம் ஓடினாலும் ஒயர், கிளிப்புக்குள் நுழையும் அந்த ஒரு அங்குலத்தில் மடங்கி மடங்கி உள்ளே அறுந்துவிடும். பெட்டிக்கு இரண்டு வருஷம் வாரண்டி தருபவர்கள் புரோபுக்கு ஆறு மாதம்தான் தருவார்கள், பலர் அதுவும் தருவதில்லை. வாரண்டி அட்டையில் இந்த வரியைத் தனியாகப் படியுங்கள்.

அறுந்ததும் எல்லோரும் செய்வது, ஆன்லைனில் அதே மாதிரி ஒன்பது முனை கனெக்டர் உள்ள மலிவு புரோபை வாங்கிச் செருகுவது. ஒன்பது முனை என்பது வெளிவடிவம் மட்டும்தான். நெல்கோர், நோனின் என்ற இரண்டு கம்பெனிகளின் முறைகளும் ஒரே மாதிரி தெரியும் கனெக்டரில் வேறுவேறு முனைகளுக்கு வேறுவேறு இணைப்பு கொடுத்திருக்கின்றன. நெல்கோர் முறையில் புரோபுக்குள் ஒரு சின்ன ரெசிஸ்டர் உட்கார்ந்திருக்கும். தன் சிவப்பு விளக்கின் அலைநீளம் இவ்வளவு என்று பெட்டிக்குச் சொல்வது அதுதான். பொருந்தாத புரோபைப் போட்டால் மூன்றில் ஒன்று நடக்கும். ஒன்றுமே வராது, அது அதிர்ஷ்டம். சில சமயம் விளக்கு அளவுக்கு மீறிச் சூடாகித் தோலைச் சுட்டுவிடும். இல்லையென்றால் எண் வரும், ஆனால் தப்பான அட்டவணையிலிருந்து வரும். மூன்றாவதுதான் ஆபத்து, யாருக்கும் சந்தேகம் எழாது. 80601-2-61 சான்று பெட்டியும் புரோபும் சேர்ந்த ஜோடிக்குத்தான். கையேட்டில் பொருந்தும் புரோப்களின் பட்டியல் இருக்கும். அதற்கு வெளியே போனால் அந்தச் சான்று செல்லாது.

ஆகவே விலையைக் கணக்கிடும்போது பெட்டியை மட்டும் பார்க்காமல், பெட்டி, ஆண்டுக்கு ஒன்று வீதம் மூன்று பெரியவர் கிளிப், இரண்டு சிறுவர் கிளிப், மூன்று ஒய் புரோப் என்று மூன்று வருஷச் செலவைப் போடுங்கள். பெட்டி மலிவாகவும் புரோப் விலை அதிகமாகவும் உள்ள மாடல்கள் இந்தக் கணக்கில் அம்பலமாகிவிடும்.

புரோப் போய்விட்டதா என்று அங்கேயே பார்க்க ஒரு வழி உண்டு. சிவப்பு விளக்கு எரிகிறது, ஆனால் திரையில் "புரோப் இல்லை" என்று வருகிறது என்று வையுங்கள். செல்ஃபோனின் முன்பக்கக் கேமராவைத் திறந்து கிளிப்பின் உள்ளே காட்டுங்கள். சிவப்புப் புள்ளிக்கு அருகே வெளிறிய ஊதாப் புள்ளி ஒன்று தெரிந்தால் அகச்சிவப்பு விளக்கு எரிகிறது. கோளாறு எதிர்ப்பக்கத்து ஒளி உணரியிலோ அதன் ஒயரிலோ இருக்கும். புள்ளி தெரியவில்லை என்றால் அகச்சிவப்பு விளக்கு போயிருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் சில கேமராக்கள் அகச்சிவப்பை வடிகட்டிவிடும், டி.வி. ரிமோட்டை அழுத்தி அதே கேமராவில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் கருவியில் இருக்க வேண்டியவை இன்னும் சில. ஆக்சிஜன் இறங்கினால் துடிப்பின் பீப் ஒலியும் சுருதி இறங்க வேண்டும். பிரசவம் பார்க்கிற செவிலியர் திரையைத் திரும்பிப் பார்க்க முடியாது. தாழ்வு அலாரம், கம்பெனியிலிருந்து வரும்போதே வைத்திருக்கும் அமைப்பில் 85-க்குக் கீழே இருக்கக் கூடாது என்பது தரநிலையின் விதி. சிக்னல் போதவில்லை என்றால் அதை வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்பதும் அப்படியே. இவை தவிர, தண்ணீர் சொட்டினாலும் தாங்கும் ஐ.பி.22, சார்ஜ் போனால் கடையில் கிடைக்கும் டபுள்-ஏ செல்லிலும் ஓடும் வசதி.

பெட்டியைப் பிரித்த அன்றைக்கு

துல்லியத்தை நம்மால் சோதிக்க முடியாது. விரல் வடிவ சிமுலேட்டர் வைத்துச் சோதித்தேன் என்று சொல்லும் சர்வீஸ்காரர் கருவி ஓடுகிறது என்பதை மட்டுமே நிரூபிக்கிறார். துல்லியத்துக்குச் சிமுலேட்டர் சான்றாகாது. ஆனால் ஏமாற்றுக் கருவியைப் பிடித்துவிடலாம். மணிக்கட்டில் நாடியை 60 வினாடி எண்ணி, திரையின் துடிப்போடு ஒப்பிடுங்கள். மூன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் சந்தேகம். பிறகு புரோப் மாட்டிய கையிலேயே பி.பி. பட்டையைக் கட்டி, மேல் அழுத்தத்துக்கு மேலே ஏற்றுங்கள். நாடி நின்றதும் அரை நிமிஷத்துக்குள் எண் போய்க் கோடு வரவேண்டும், அல்லது சிக்னல் இல்லை என்று சொல்ல வேண்டும். நாடியே இல்லாத கையில் 98-ஐயும் 76 துடிப்பையும் அசராமல் காட்டிக்கொண்டிருக்கும் கருவியை அன்றே திருப்பி அனுப்புங்கள். உடனே காற்றை இறக்கிவிடவும் மறக்காதீர்கள்.

பேனாவைச் செருகினால் எண் வருகிறதா என்று பார்க்கும் சோதனை கொரோனா காலத்தில் பிரபலம். அதை அப்படியே நம்ப வேண்டாம். கை நடுக்கமும் டியூப்லைட் மினுக்கமும் நல்ல கருவியையும் ஓரிரு வினாடி ஏமாற்றிவிடும். பேனாவை மேசைமேல் வைத்து, கை படாமல், துணி போர்த்தி ஒரு நிமிஷம் ஆன பிறகும் எண் நிலையாக நின்றால்தான் கோளாறு.

கருவி சரியாக இருந்தும் எண் பொய்க்கும் இடங்கள் உண்டு. கறுப்பு மருதாணியும் நீலம், கறுப்பு நகச்சாயமும் ஒளியை மறைக்கும். கிளிப்பைப் பக்கவாட்டில் திருப்பி மாட்டுங்கள், இல்லையென்றால் கால் விரல். சிவந்த வீட்டு மருதாணி பெரும்பாலும் தொந்தரவு தராது. குளிர்ந்த கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். மூடிய அறையில் ஜெனரேட்டர் புகையோ அடுப்புப் புகையோ சுவாசித்தவருக்குக் கார்பன் மோனாக்சைடு கலந்த ரத்தத்தையும் நல்ல ரத்தம் என்றே கருவி எடுத்துக்கொண்டு 98 காட்டும். தொழுநோய்க்கு டாப்சோன் சாப்பிடுபவர் உதடு நீலம்பாரித்து வந்து, ஆக்சிஜன் கொடுத்தும் எண் 85 பக்கத்திலேயே நின்றால் மெத்ஹீமோகுளோபினை (ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் மாறிப்போன ஹீமோகுளோபின்) நினையுங்கள். ஹீமோகுளோபின் 5 கிராம் இருக்கும் கர்ப்பிணிக்கு 99 வரும். அந்த 99-இல் இருக்கும் ஆக்சிஜன் 10 கிராம் உள்ளவருடையதில் பாதிதான்.

எங்கே எது

வெளிநோயாளிப் பிரிவுக்கும் அவசரத்துக்கும் ஒரு கையடக்கக் கருவி, பிரசவ அறைக்கு ஒய் புரோபோடு இன்னொன்று. இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும், புரோபை மாற்றிக்கொள்ளலாம். துணை நிலையங்களுக்குச் சான்று சரிபார்த்த விரல் கிளிப், "கைக்குழந்தைக்கு அல்ல" என்று மேலே ஸ்டிக்கர் ஒட்டி. பணம் ஒரு கருவிக்குத்தான் இருக்கிறது என்றால் ஒரே ஒரு கையடக்கக் கருவியும் ஒரு உபரிப் புரோபும் வாங்குங்கள். அதே பணத்தில் பத்து கிளிப் வரும் என்ற கணக்குக்கு மயங்காதீர்கள்.

கொள்முதல் ஆணையில் கருவியின் பெயருக்குக் கீழே இந்த வரியைச் சேர்த்துவிடுங்கள்: "கையேட்டின் பொருந்தும் பட்டியலில் உள்ள புரோப்களை, ஆணையில் குறித்த விலைக்கே, மூன்று ஆண்டுகளுக்கு, கேட்ட 15 நாட்களுக்குள் வழங்க வேண்டும்." பாதி விற்பனையாளர்கள் இந்த வரியைப் பார்த்ததும் விலகிக்கொள்வார்கள்.